இடுப்புக் கிண்ணம் உடைஞ்சு உள்பரப்பும் கெட்டுப்போனா: பிளேட்டா, ரீப்ளேஸ்மென்ட்டா, ஆபரேஷனே வேண்டாமா?

இடுப்புக் கிண்ணம் உடைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கவங்களோட வீட்டாளுங்க முதல்ல கேக்குறது "எலும்பு கூடிருமா?"ன்னுதான். கூடிரும். இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், ஆபரேஷனே பண்ணலைன்னாலும் பெரும்பாலும் அது கூடிரும். அதனாலதான் இந்தக் கேள்வியை வெச்சு முடிவெடுத்தா வழி தப்பிடுது. கேக்க வேண்டியது வேற: கூடின அப்புறம் கிண்ணத்தோட உள்பக்கம் வழவழன்னு இருக்குமா, தொடை எலும்போட தலையா இருக்க பந்து அதுக்கு நேர் நடுவுல உட்காருமா? பிளேட்டு போடலாம், மூட்டையே மாத்திடலாம், ஆபரேஷன் வேண்டாம், இப்ப விட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு டாக்டர் நாலு வழி சொல்றார்னா, நாலையும் இந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் எடை போடணும்.

நான் பிசியோதெரபிஸ்ட், ஆபரேஷன் பண்றவ இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களை உட்கார வெச்சு, நிக்க வெச்சு, நடக்க வெக்கிறது என் வேலை. அதனால இந்த நாலு வழியிலயும் வந்தவங்க ஒரு வருஷம் கழிச்சு எப்படி நடக்குறாங்கன்னு நேர்ல பாக்குறேன். இதைப் படிச்சுட்டு டாக்டருக்குப் பதிலா நீங்க முடிவெடுங்கன்னு சொல்லலை, அவர் சொல்றது புரியணும், ரெண்டு சரியான கேள்வி கேக்கத் தெரியணும், அதுக்காகத்தான் எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடலாம். "இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு"ன்னு நம்ம ஊர்ல சொல்றது ரெண்டு வேற வேற விஷயத்துக்கு. வயசான பாட்டி பாத்ரூம்ல விழுந்து தொடை எலும்போட கழுத்து உடையறது ஒண்ணு, அதுக்கு உடனே பாதி மூட்டோ முழு மூட்டோ மாத்தி ரெண்டாம் நாளே நிக்க வெச்சுடுவாங்க, நம்ம சொந்தத்துல யாருக்காவது அது நடந்திருக்கும். இன்னொண்ணு அந்தப் பந்து உட்கார்ற கிண்ணம், அதாவது அசிடாபுலம் உடையறது. இது அதைவிட ரொம்ப அபூர்வம், ரொம்ப சிக்கல், பண்ணத் தெரிஞ்ச சர்ஜனும் கம்மி. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு வாரத்துல நடந்தாங்களே, எங்க வீட்டுக்காரர் ஏன் மூணு மாசம் காலை ஊனக்கூடாதுன்னு சொல்றீங்கன்னு கேப்பாங்க, ரெண்டும் வேற நோய்ங்கறதுதான் பதில்.

கிண்ணம் எப்படி உடையுதுன்னு பாத்தா ரெண்டு விதமான ஆளுங்க வர்றாங்க. ஒண்ணு சின்ன வயசு, வேகமான அடி. கார்ல முன் சீட்ல உட்கார்ந்திருக்கும்போது மோதினா முட்டி டேஷ்போர்டுல இடிக்கும், அந்த அடி தொடை எலும்பு வழியா அப்படியே பின்னாடி போய் பந்து கிண்ணத்தோட பின்சுவரை உடைச்சுக்கிட்டு வெளிய வந்துடும். பைக்ல விழுறவங்களுக்கும் இது நடக்கும். 2022ல இந்தியாவுலயே அதிகமா சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, அந்த ஒரு வருஷத்துல மட்டும் 64,105 விபத்து, அதனால இது யாருக்கோ நடக்குற விஷயம் இல்ல. ரெண்டாவது விதம் அறுபது தாண்டினவங்க, நின்ன இடத்துல இருந்து பக்கவாட்டுல விழுந்து, பந்து உள்பக்கமா இடிச்சு, கிண்ணத்தோட முன்பக்கத்தையும் உள்சுவரையும் உடைச்சு இடுப்புக்குள்ள இறங்கிடும். எலும்பு தேஞ்சவங்களுக்கு இதுக்கு பெரிய அடியெல்லாம் தேவையில்ல.

இப்ப உள்பரப்பு. கிண்ணத்துக்குள்ள லாட வடிவத்துல குருத்தெலும்பு இருக்கு, அதோட மேல்பகுதிதான் கூரை, நிக்கும்போதும் நடக்கும்போதும் நம்ம எடையைத் தாங்குறது அந்தக் கூரை. உடைப்பு இந்தப் பரப்பு வழியா போச்சுன்னா துண்டுகளுக்கு நடுவுல இடைவெளி வரும், இல்லன்னா ஒரு துண்டு மேல ஒரு துண்டு கீழன்னு படி மாதிரி நிக்கும். இது ரெண்டும் கூட பரவாயில்ல, திரும்ப சேர்த்து வெக்கலாம். கஷ்டமானது எதுன்னா அமுங்கல். பந்து வெளிய வர்ற வேகத்துல கிண்ணத்து ஓரத்துல இருக்க குருத்தெலும்பை அதுக்கு அடியில இருக்க பஞ்சு மாதிரியான எலும்போட சேர்த்து அப்படியே நசுக்கி உள்ள தள்ளி திருப்பி விட்டுடும். தரையில பதிச்ச டைல்ஸ் ஒண்ணு மட்டும் அடிமண்ணுக்குள்ள சாஞ்சு இறங்கிட்டா எப்படி இருக்கும், அதுதான் இது. வெளிச்சுவர் துண்டை மட்டும் அழகா பழைய இடத்துல வெச்சு பிளேட்டு அடிச்சுட்டா எக்ஸ்ரே பாக்க நல்லாவே இருக்கும், உள்ள அந்த சாஞ்ச பகுதி அப்படியே கிடக்கும், ஒவ்வொரு அடி எடுத்து வெக்கும்போதும் பந்து அதுல உரசும். இது போக மூட்டுக்குள்ள சின்னச் சின்னத் துண்டு விழுந்து கிடக்கலாம், பந்தோட குருத்தெலும்பே செதுக்குப்பட்டிருக்கலாம். பந்துல அடிபட்டிருந்தா கிண்ணத்தை எவ்வளவு நல்லா சரி பண்ணினாலும் மூட்டோட பாதிக் கதை கையை விட்டுப் போச்சுன்னுதான் அர்த்தம்.

இதெல்லாம் சாதாரண எக்ஸ்ரேல முழுசா தெரியாது. பாரிஸ்ல ராபர்ட் ஜூடே, எமில் லெதூர்னெல்னு ரெண்டு சர்ஜன்கள் 1964ல வெளியிட்ட கட்டுரைதான் இந்த உடைப்புக்கெல்லாம் அடிப்படை, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் எல்லாரையும் எடை கட்டி இழுத்து மாசக்கணக்கா படுக்க வெச்சதுதான் வைத்தியம். அவங்க இதை பத்து வகையா பிரிச்சாங்க, அஞ்சு எளிய வகை, அஞ்சு கலப்பு வகை. நோயாளியை 45 டிகிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ச்சு எடுக்குற ஜூடே எக்ஸ்ரேயும் அங்க இருந்து வந்ததுதான், அந்தப் பிரிவைத்தான் இன்னிக்கும் உலகம் பூரா பயன்படுத்துறாங்க. ஆனா அமுங்கல், மூட்டுக்குள்ள துண்டு, பந்துல அடி இதெல்லாம் தெரியணும்னா சி.டி. ஸ்கேன் வேணும், மெல்லிய வெட்டுல எடுக்கணும், 3டி படமும் போடச் சொல்லணும். ஆக சி.டி. பாக்காம யாராவது "இதுக்கு இந்த ஆபரேஷன்"னு முடிவு சொன்னா அந்த முடிவை ஏத்துக்காதீங்க, இதுல எனக்கு கொஞ்சமும் தயக்கம் இல்ல.

நாலு வழிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு, இது தேர்வே இல்ல, கட்டாயம். பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்திருந்தா அதை மயக்கம் குடுத்து உடனே உள்ள தள்ளணும், ஆறு மணி நேரத்துக்குள்ளன்னு சொல்வாங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெளிய கிடக்குற ஒவ்வொரு மணி நேரமும் பந்துக்குப் போற ரத்தம் குறையும், பின்னாடி பந்து செத்துப்போற ஆபத்து கூடும். பின்பக்கமா நழுவினா இடுப்புல இருந்து காலுக்குப் போற சயாட்டிக் நரம்பும் அழுந்தும். இந்த நேரத்துல எண்ணெய்க் கட்டு, புத்தூர் கட்டுன்னு வண்டி பிடிச்சுப் போறது ரொம்ப ஆபத்து. கை மணிக்கட்டு உடைஞ்சு அங்க போய் சரியானவங்க இருக்கலாம், இந்தக் கிண்ணம் உடம்புக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்கு, வெளிய இருந்து எந்தக் கட்டும் அதைத் தொடவே முடியாது.

சரி, ஆபரேஷன் வேண்டாம்ங்கற வழி. இதைக் கேட்டதும் டாக்டர் கைவிட்டுட்டார்னு நினைக்குறவங்க உண்டு, அப்படி இல்ல, சிலருக்கு இதுதான் சரியான வைத்தியம். துண்டு விலகவே இல்ல இல்லன்னா 2 மில்லிமீட்டருக்கும் கம்மியா விலகியிருக்கு, உடைப்பு கூரையைத் தொடாம கீழ போகுது, எடை கட்டி இழுக்காமலே பந்து நடுவுல நிக்குது, அப்படின்னா ஊன்றுகோல் வெச்சு அந்தக் காலை ஊனாம நடந்து, அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கிட்டா போதும். உடைப்பு கூரையில இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளக்க மட்டாங்கற அமெரிக்க சர்ஜன் ஒரு கோணம் சொன்னார், நேரா எடுத்தது, ரெண்டு பக்கமும் சாய்ச்சு எடுத்தது ஆக மூணு எக்ஸ்ரேலயும் 45 டிகிரிக்கு மேல இருந்தா எடை தாங்குற பகுதி தப்பிச்சிருக்குன்னு எடுத்துக்கலாம். பின்சுவருக்கு இந்தக் கோணம் பொருந்தாது, அங்க சுவர்ல எத்தனை பங்கு போச்சுங்கறதுதான் கணக்கு. பாதிக்கு மேல போயிருந்தா மூட்டு நிக்காது, 20 சதவீதத்துக்கும் கம்மின்னா பெரும்பாலும் நிக்கும், ஆனா அளவை மட்டும் நம்பி விடுறது இப்ப குறைஞ்சுட்டு வருது, மயக்கம் குடுத்து காலை மடக்கி அழுத்தி எக்ஸ்ரே ஓடவிட்டு பந்து நழுவுதான்னு சோதிச்சுப் பாக்குறாங்க. உங்க வீட்டாளுக்கு பின்சுவர் சின்னத் துண்டுதான், ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னா "மயக்கத்துல சோதிச்சுப் பாத்தீங்களா சார்"னு கேளுங்க, மரியாதையான கேள்விதான் அது.

கிண்ணத்தை முன்னாடியும் பின்னாடியும் தாங்கி நிக்குற தடிச்ச எலும்பை முன்தூண், பின்தூண்னு சொல்வாங்க. ரெண்டு தூணும் உடைஞ்ச வகையில ஒரு விசித்திரம் உண்டு, குருத்தெலும்பு இருக்க துண்டு எல்லாமே இடுப்பை விட்டுப் பிரிஞ்சு, ஆனா பந்தைச் சுத்தி ஓரளவு சேர்ந்தே நிக்கும். பந்துக்கும் கிண்ணத்துக்கும் பொருத்தம் கெடாது, கால் கொஞ்சம் உயரம் குறையும். வயசானவங்க, இதய நோய், சர்க்கரைன்னு மயக்கம் தாங்காதவங்களுக்கு இதை அப்படியே விட்டும் நல்லா நடந்தவங்க உண்டு.

ஆனா கூரையில படி இருக்கு, அமுங்கல் இருக்கு, மூட்டுக்குள்ள துண்டு இருக்குன்னா சும்மா விடுறது வைத்தியமே இல்ல. ஆறு வாரம் எட்டு வாரம்னு எடை கட்டி இழுத்தா வெளித்துண்டு கொஞ்சம் இறங்கி வரலாம், நசுங்கி உள்ள போன குருத்தெலும்பை எந்த இழுப்பும் வெளிய கொண்டு வராது, ஏன்னா அதுல பிடிச்சு இழுக்க தசையோ ஜவ்வோ ஒண்ணும் ஒட்டியிருக்காது. அதுக்கு மேல படுக்கைப் புண், நுரையீரல் சளி, கால்ல ரத்தக்கட்டி எல்லாம் வரும்.

அடுத்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு சொந்த மூட்டையே காப்பாத்துறது. உடம்பு தாங்கும், எலும்பு திடமா இருக்கு, பந்து நல்லா இருக்குன்னா முதல்ல யோசிக்க வேண்டியது இதுதான்னு நான் நினைக்கிறேன், அமுங்கல் இருந்தாலும் சரி. பின்சுவர், பின்தூண்னா பிட்டத்துப் பக்கம் திறப்பாங்க, கோகர்-லாங்கன்பெக் வழின்னு பேரு. முன்பக்கம், உள்சுவர்னா இடுப்பு மடிப்பு வழியாவோ அடிவயித்துல திறந்து உள்ள போயோ பண்ணுவாங்க. பந்தை முழுசா வெளிய எடுத்து உள்பரப்பு முழுக்க கண்ணால பாத்து சரி பண்ண, தொடை எலும்போட மேல்மேட்டை வெட்டித் தூக்கித் திறக்குற முறையும் இருக்கு, அது கைவந்தவங்க கம்மி.

அமுங்கலுக்கு இந்த ஆபரேஷன்ல என்ன பண்றாங்கங்கறதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பலன் இங்கதான் நிக்குது. பின்சுவர் துண்டை ஜவ்வோட விலக்கி வெச்சுட்டு, பந்தை கிண்ணத்துல சரியா உட்கார வெச்சு, அந்தப் பந்தையே அச்சா வெச்சுக்கிட்டு, நசுங்கின குருத்தெலும்பை அடியில கொஞ்சம் எலும்பையும் சேர்த்து தட்டையான உளியால மெதுவா நெம்பி பந்தை ஒட்டி வர்ற மாதிரி தூக்குவாங்க. தூக்கினதும் பின்னாடி ஒரு பள்ளம் விழும், அதை அப்படியே விட்டா எடை போட்டதும் திரும்ப இறங்கிடும். அதனால தொடை எலும்போட மேல்மேட்டுல இருந்தோ வேற இடத்துல இருந்தோ எலும்பு எடுத்து பள்ளத்தை அடைச்சு, சில சமயம் மெல்லிய ஸ்க்ரூ வெச்சு, அதுக்கு மேல சுவர் துண்டை மூடி, அதுக்கு மேல வளைச்ச பிளேட்டு. டாக்டர்கிட்ட "அமுங்கல் இருக்கா, இருந்தா அதைத் தூக்கி எலும்பு அடைப்பீங்களா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியிலயே அவர் இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கார்ங்கறது பேச்சுல தெரிஞ்சுடும்.

பலன் எப்படி? மட்டா 1996ல வெளியிட்ட 262 உடைப்புல 71 சதவீதம் பேருக்கு 1 மில்லிமீட்டருக்குள்ள சேர்த்திருந்தார், மொத்தமா 76 சதவீதம் பேருக்கு நல்ல அல்லது மிக நல்ல பலன். அதே சர்ஜனோட 816 உடைப்பை 2012ல திரும்பப் பாத்தப்ப 20 வருஷம் கழிச்சும் சுமார் 79 சதவீதம் மூட்டு மாத்தாம தாக்குப் பிடிச்சிருந்துச்சு. உலகத்துலயே கைதேர்ந்த ஒரு ஆள் வாழ்நாள் பூரா இதையே பண்ணி எடுத்த கணக்கு அது, உங்க ஊர்ல அதே எண்ணை எதிர்பாக்காதீங்க, ஆனா வழி சரியான வழின்னு காட்டுது. அதே கணக்குல எது இருந்தா மூட்டு சீக்கிரம் போச்சுன்னும் இருக்கு, அதைத்தான் நான் முக்கியமா பாக்குறேன்: சரியா சேராதது, வயசு 40க்கு மேல, பின்சுவர் உடைப்பு, கிண்ணத்துல அமுங்கல், பந்தோட குருத்தெலும்புல அடி, முதல்ல 20 மில்லிமீட்டர் அளவுக்கு விலகினது. இதுல சர்ஜன் கையில இருக்கறது சரியா சேர்க்குறது மட்டும்தான், மத்ததெல்லாம் விபத்து நடந்த நொடியிலயே முடிவாயிடுச்சு. பின்சுவர் உடைப்பு பாக்க சுலபமான வகை, அதனாலயே யார் வேணா பண்ணலாம்னு எடுத்துடறாங்க, பலன் எதிர்பாத்ததைவிட மோசமா வர்றதும் அதுலதான்.

நஷ்டக் கணக்கையும் சொல்லணும். 3,670 உடைப்பைச் சேர்த்து 2005ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல சுமார் 20 சதவீதம் பேருக்கு பின்னாடி மூட்டு தேய்மானம் வந்திருந்துச்சு, பந்து செத்துப்போனதும் மூட்டை இறுக்குற அளவு வேண்டாத எலும்பு வளந்ததும் தலா 5, 6 சதவீதம். நரம்பு பாதிப்பு விபத்துலயே சுமார் 16 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, ஆபரேஷனால வந்தது 8 சதவீதம். பாதத்தை மேல தூக்க முடியாம போறது முன்னாடி சொன்ன சயாட்டிக் நரம்பு அடிபடறதாலதான், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே பாதம் தூக்க வருதான்னு பாத்து எழுதி வெக்கச் சொல்லுங்க, பின்னாடி எது எப்ப வந்துச்சுன்னு குழப்பம் வராது.

சின்ன ஓட்டை போட்டு ஸ்க்ரூ மட்டும் ஏத்துற முறையும் இருக்கு. அதிகம் விலகாத உடைப்புக்கு நல்லது, ரத்தம் கம்மியா போகும், சீக்கிரம் எழுந்து உட்காரலாம். அமுங்கினதை அதால தூக்க முடியாதுங்கறதால நம்ம விஷயத்துக்கு அது பெருசா உதவாது.

மூணாவது, முதல்லயே, ஒரே ஆபரேஷன்ல கிண்ணத்தையும் பிடிமானம் பண்ணி மூட்டையும் மாத்திடறது. இது சாதாரண ஹிப் ரீப்ளேஸ்மென்ட் இல்ல. தேய்மானத்துக்கு மாத்துறவங்களுக்கு கிண்ணம் முழுசா இருக்கும், புதுக் கப்பை அழுத்தி உட்கார வெச்சா பிடிச்சுக்கும். இங்க கப்பு உட்கார்ற சுவரே துண்டு துண்டா கிடக்கு, அதனால முதல்ல தூணைப் பிளேட்டு போட்டு நிறுத்தணும், அப்புறம் நிறைய ஓட்டை இருக்க கப்பை பல ஸ்க்ரூவால பிடிக்கணும், ரொம்ப மோசமா இருந்தா கம்பிக்கூடு மாதிரியான கேஜ் வெக்கணும். எடுத்த பந்தையே அரைச்சு எலும்புப் பொடியா உள்ள அடைக்கலாம். பந்து நழுவிடக்கூடாதுன்னு ரெண்டு இடத்துல அசையற டூயல் மொபிலிட்டி கப்பு வெக்கறாங்க இப்ப. இதுக்கு உடைப்பு தெரிஞ்ச சர்ஜனும் வேணும், ரீப்ளேஸ்மென்ட் தெரிஞ்ச சர்ஜனும் வேணும், ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா நல்லது, இல்லன்னா ரெண்டு பேரும் ஒரே ஆபரேஷன் தியேட்டர்ல (ஓ.டி.) நிக்கணும்.

யாருக்கு இது? அறுபது அறுபத்தஞ்சு தாண்டி, எலும்பு தேஞ்சு, கூரையோட உள்மேல் பகுதி அமுங்கிப் போனவங்களுக்கு. எக்ஸ்ரேல ரெண்டு வளைவு சேர்ந்து பறவை இறக்கை விரிச்ச மாதிரி தெரியும், சீகல் சைன்னு சொல்வாங்க. இது இருக்க வயசானவங்களுக்கு பிளேட்டு மட்டும் போட்டா நிக்கறது கஷ்டம்னு ஆங்லன்ங்கற அமெரிக்க சர்ஜன் 2003லயே எழுதிட்டார். பந்தும் நொறுங்கினவங்க, கழுத்தும் சேர்ந்து உடைஞ்சவங்க, ஏற்கனவே மூட்டு தேஞ்சிருந்தவங்க இவங்களுக்கும் இதுதான் பொருந்தும். மியர்ஸ், வெலிவிஸ்னு ரெண்டு பேர் 2002ல வெளியிட்ட 57 பேரோட கணக்குல, சராசரியா எட்டு வருஷம் கழிச்சுப் பாத்தப்ப 79 சதவீதம் பேருக்கு நல்ல அல்லது மிக நல்ல பலன். என் வேலையில பாக்குறப்ப இதோட பெரிய லாபம் வேற ஒண்ணு, இவங்களை சீக்கிரம் நிக்க வெக்க முடியுது. எழுபது வயசுக்காரங்களுக்கு "ஒரு கால் மட்டும் ஊனி மூணு மாசம் நடங்க"ன்னு சொன்னா அது நடக்கவே நடக்காது, கையில அவ்வளவு பலம் இருக்காது, படுக்கையிலயே இருந்துடுவாங்க, படுத்தவங்க எழுந்திருக்கறது அப்புறம் ரொம்பக் கஷ்டம்.

நஷ்டமும் உண்டு. ஆபரேஷன் நேரம் நீளும், ரத்தம் போகும், கிருமி வர்றதும் மூட்டு நழுவறதும் சாதாரண ரீப்ளேஸ்மென்ட்டைவிட அதிகம். சின்ன வயசுக்காரங்களுக்கு இதை முதல்லயே பண்ணினா வாழ்நாள்ல திரும்ப மாத்த வேண்டி வரும், ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் எலும்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

நாலாவது வழிதான் என்னை ரொம்ப வேதனைப்படுத்துறது: "இப்ப விட்டுடுங்க, வலிச்சா அப்புறம் ரீப்ளேஸ்மென்ட் பண்ணிக்கலாம்." இதுல ரெண்டு விதம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணாக் கலக்கக்கூடாது. முதல்ல பிளேட்டு போட்டு நல்லா சேர்த்தாச்சு, பத்து வருஷம் ஓடுச்சு, அப்புறம் தேய்மானம் வந்து மாத்துறோம், இது தோல்வியே இல்ல, சொந்த மூட்டோட பத்து வருஷம் கிடைச்சிருக்கு, கிண்ணத்து எலும்பும் முழுசா இருக்கு, புதுக் கப்பு நல்லா உட்காரும். மயக்கம் தாங்காத நிலைமையில இருக்கவங்களுக்கு இப்ப விட்டுட்டு உடம்பு தேறினதும் மாத்துறதும் நியாயம்தான். ஆனா நல்லா திடமா இருக்க ஆளுக்கு, விலகின கிண்ணத்தை அப்படியே விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு மாத்தினா ஆச்சுன்னு நினைக்கறது வேற. அந்த ஆறு மாசத்துல துண்டுங்க கோணலா ஒட்டிக்கும், சிலது ஒட்டாமலே ஆடும், பின்சுவர் இருந்த இடத்துல பள்ளம் இருக்கும், பந்து அந்தப் பள்ளத்துல உரசி உரசி தேஞ்சிருக்கும், தசை சுருங்கி கால் குட்டையாயிருக்கும், நரம்பு தழும்புக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கும். அதுக்கப்புறம் பண்ற ரீப்ளேஸ்மென்ட்ல கிருமி, நழுவல், கப்பு ஆடிப்போறது மூணுமே தேய்மானத்துக்கு மாத்துறவங்களைவிட அதிகம்னு எல்லா ஊர் சர்ஜனும் எழுதியிருக்காங்க. அப்புறம் பண்ணப் போற ரீப்ளேஸ்மென்ட்டுக்காகவாவது இப்ப கிண்ணத்தை சரி பண்ணி வெக்கணும்.

எந்தப் பக்கம் சாயறேன்னு நேரா சொல்றேன். முப்பது முப்பத்தஞ்சு வயசு, கார் மோதி பின்சுவர் உடைஞ்சு, பந்து நழுவி, ஓரத்துல அமுங்கல்: பந்தை உடனே உள்ள தள்ளி, சி.டி. எடுத்து, தெரிஞ்ச சர்ஜன்கிட்ட போய் அமுங்கினதைத் தூக்கி பிளேட்டு. ரீப்ளேஸ்மென்ட் பேச்சே இப்ப வேண்டாம். எழுபது வயசு, வீட்டுக்குள்ள விழுந்து, கூரை அமுங்கி, விழறதுக்கு முன்னாடி சந்தை வரைக்கும் தானா நடந்துபோயிட்டு வந்தவங்க: ஒரே ஆபரேஷன்ல பிடிமானமும் ரீப்ளேஸ்மென்ட்டும். அதே எழுபது வயசு, ஆனா ஏற்கனவே வீட்டுக்குள்ளயே வாக்கர்ல நடந்தவங்க, இதயம் பலவீனம்: வலி மருந்து, சீக்கிரம் நாற்காலிக்கு மாத்துறது, பெரிய ஆபரேஷன் வேண்டாம். வயசு எண்ணிக்கையைவிட விழறதுக்கு முந்தின நாள் அவங்க எப்படி நடந்தாங்கங்கறது முக்கியம், இதை டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க.

உண்மையிலயே கஷ்டமானது நடுவுல இருக்கவங்க, ஐம்பது ஐம்பத்தஞ்சு. இவங்களுக்கு பந்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு நினைக்கிறேன். பந்து நல்லா இருந்து அமுங்கல் ஒரே இடத்துல பெரிய துண்டா இருந்தா பிளேட்டு, அது எத்தனை வருஷம் தாங்கினாலும் லாபம். பந்தும் செதுக்குப்பட்டு, அமுங்கல் பொடிப்பொடியா இருந்தா முதல்லயே மாத்திடறதைப் பத்தி தாராளமா பேசலாம். சில சமயம் உள்ள திறந்து பாத்த அப்புறம்தான் இது தெரியும், அதனால "உள்ள மோசமா இருந்தா அப்பவே மாத்துற ஏற்பாடு ஓ.டி.யில இருக்குமா?"ன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும். கையெழுத்து போடுற தாள்ல அதுவும் எழுதியிருக்கணும்.

நேரமும் இடமும் பணமும் இந்த முடிவுக்குள்ள இருக்கு. பந்தை உள்ள தள்ளின அப்புறம் கிண்ணத்து ஆபரேஷனுக்கு அவசரம் இல்ல, ரத்தக்கசிவு நின்னு உடம்பு நிலைப்பட சில நாள் விட்டுத்தான் பண்ணுவாங்க, ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சுடறது நல்லது. மூணு வாரம் தாண்டினா எலும்பு ஒட்ட ஆரம்பிச்சு துண்டைப் பிரிச்சு சேர்க்குறதே பெரிய வேலையாயிடும். அதனால முதல் ஆஸ்பத்திரியில இதைத் தெரிஞ்சவங்க இல்லன்னா அந்த முதல் வாரத்துக்குள்ளயே மாத்துங்க, தெரியாத கை திறந்து பாதியில விட்டதை யாராலயும் முழுசா திருத்த முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு, ஆனா கிண்ணத்து ஆபரேஷன் பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்துக்கு அப்புறம்தான் வரும். வந்த அன்னிக்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாத்து, அந்த ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷனுக்கு அது செல்லுமான்னு காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுடுங்க. இல்லன்னா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, தயங்காதீங்க, விபத்து கேஸ் குவியற இடத்துல இருக்க சர்ஜன்கள் இந்த உடைப்பை அதிகம் பாத்திருப்பாங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் என் பக்கம் வரும்போது எந்த வழியில வந்தாங்கங்கறதைப் பொறுத்து எல்லாமே மாறும். பிளேட்டு போட்டவங்க பாதத்தை தரையில சும்மா தொட்டு மட்டும் ஆறுல இருந்து பன்னிரண்டு வாரம் நடக்கணும், அமுங்கினதைத் தூக்கி எலும்பு அடைச்சிருந்தா நான் பன்னிரண்டு பக்கமே நிப்பேன், சர்ஜன் சொல்ற வரைக்கும் ஒரு கிலோ கூட அதிகமா ஊன விடமாட்டேன். பின்பக்கம் திறந்தவங்க முதல் ஆறு வாரம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக்கூடாது, தாழ்வான நாற்காலி, குத்தவெச்சு உட்கார்ற கழிப்பறை ரெண்டும் கூடாது, டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட்டோ கமோட் நாற்காலியோ ஏற்பாடு பண்ணிடுங்க. எலும்பு நல்லா கூடின அப்புறம் பலருக்கு சம்மணம் திரும்ப வருது, சொந்த மூட்டைக் காப்பாத்தினதோட லாபம் அது. ரீப்ளேஸ்மென்ட் ஆனவங்க தரையில உட்கார்றதை விட்டுடறதுதான் பாதுகாப்பு, பந்தியில இலை போட்டு தரையில உட்காரச் சொன்னா நாற்காலி கேட்டு வாங்கிக்கணும். ரத்தக்கட்டி வராம இருக்க ஊசி குடுப்பாங்க. வேண்டாத எலும்பு வளராம இருக்க சில டாக்டர்கள் ஆறு வாரம் இண்டோமெதாசின் மாத்திரை குடுப்பாங்க, வயித்துப்புண் இருக்கவங்க அதை முன்னாடியே சொல்லணும். பாதம் தொங்கினா ஸ்பிளின்ட் போட்டு கணுக்கால் இறுகாம தினமும் மடக்கி நீட்டணும், இந்த நரம்பு திரும்ப ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும்.

மூணு மாசத்துல ஊன ஆரம்பிச்சு ஆறு மாசத்துல வேலைக்குப் போனதும் டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திடறாங்க நிறைய பேர். பந்து செத்துப்போறது விபத்து நடந்து ரெண்டு வருஷம் வரைக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும் வெளிய தெரிய வரும், முதல் அறிகுறி தொடை இடுக்குல வலி, காலை உள்பக்கம் திருப்ப வராம போறது. அது வந்தா வலி மாத்திரை போட்டு சமாளிக்காம அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்து, பழைய சி.டி., பழைய டிஸ்சார்ஜ் தாள், உள்ள போட்ட இம்ப்ளான்ட்டோட ஸ்டிக்கர் ஒட்டின தாள் மூணையும் எடுத்துக்கிட்டு அதே சர்ஜன்கிட்ட போங்க.